உலகத்தை ஜெயித்த கருவாடு

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷுக்கும் சீனாவின் டிங் லிரனுக்கும் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான 14வது, கடைசி ஆட்டம். அதுவரை இருவரும் 6.5–6.5 என்று சமம். எங்கள் வீட்டில் நானும் அக்கா மகனும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பலகையில் காய்கள் கொஞ்சம்தான் மிச்சம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். இருந்தாலும் டிராதான், அடுத்து டைபிரேக்கர்தான் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டிருந்த நேரம். டிங் தன் 55வது நகர்த்தலில் யானையைக் கொண்டுபோய் எஃப்2 கட்டத்தில் வைத்தார். திரையின் ஓரத்தில் அதுவரை பாதி வெள்ளை, பாதி கறுப்பாக நின்ற பட்டை சட்டென்று கறுப்புப் பக்கம் சரிந்தது. கறுப்பு என்றால் குகேஷ். அவருக்கே டிங்கின் தவறு உறைக்கச் சில நொடிகள் ஆயின. பட்டைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை.

“மாமா, அந்தப் பட்டையை யாரு ஆட்டுறா?” என்றான் பையன்.

“இன்ஜின்டா” என்று சொல்லிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். அது ஒரு பதிலே இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

செஸ் இன்ஜின் என்பது ஒரு மென்பொருள். பலகையில் காய்கள் நிற்கும் நிலையைக் கொடுத்தால், எது நல்ல நகர்த்தல், யார் கை ஓங்கியிருக்கிறது என்று சொல்லும். இன்றைக்கு இருப்பவற்றில் பலமானது ஸ்டாக்ஃபிஷ். காசு கிடையாது, அதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், மாற்றலாம். உங்கள் போனிலேயே ஓடும். அந்தப் போன் எந்த உலக சாம்பியனையும் தோற்கடிக்கும். இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டாக்ஃபிஷ் என்றால் கருவாடு. உப்புகூடப் போடாமல் குளிர்காற்றில் உலர்த்திய காட் மீன், நார்வேயின் பழைய சரக்கு. இத்தாலிக்காரர்கள் அதை வாங்கி ஊறவைத்துச் சமைப்பார்கள். நார்வேக்காரரான டோர்ட் ரோம்ஸ்டாட் 2004இல் கிளாரங் என்று ஓர் இன்ஜினை வெளியிட்டார், நிரலையும் திறந்து வைத்தார். 2008இல் மார்கோ கோஸ்டால்பா என்ற இத்தாலியர் அதை எடுத்துத் திருத்தித் தனியாக வெளியிட்டார். நார்வேயில் பிடித்து இத்தாலியில் சமைத்த சரக்கு என்பதால் இந்தப் பெயர். பின்லாந்தின் யோனா கீஸ்கியும் சேர்ந்துகொண்டார். ஆரம்பத்தில் இவ்வளவு பேர்தான். நிறுவனமும் இல்லை, முதலீட்டாளரும் இல்லை.

முன்னால் போய்ப் பார்ப்பது

இன்ஜின் செய்வது அடிப்படையில் இரண்டே வேலை. ஒன்று, நகர்த்தல்களை மனதுக்குள் ஆடிப் பார்ப்பது. இரண்டு, ஆடிப் போய்ச் சேர்ந்த இடம் யாருக்கு நல்லது என்று ஓர் எண் போடுவது. மற்றதெல்லாம் இந்த இரண்டையும் வேகமாகவும் கெட்டிக்காரத்தனமாகவும் செய்வதற்கான வழிகள்தான்.

டிங் செய்த தவறையே எடுத்துக்கொள்வோம். (யானை என்று நான் சொல்வது ரூக்கை, மந்திரி என்பது பிஷப்பை. ஊருக்கு ஊர் இந்தப் பெயர்கள் மாறுவதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) டிங் யானையை எஃப்2இல் வைத்ததும் குகேஷின் யானை அதை வெட்டலாம். வெள்ளை ராஜா திருப்பி வெட்டும். இப்போது குகேஷ் தன் மந்திரியை டி5இல் கொண்டுவந்து வைக்கிறார். டிங்கின் மந்திரி ஏ8இல், மூலையில் கிடக்கிறது. அதற்கு வெளியே வர ஒரே ஒரு சாய்கோடுதான் உண்டு. அந்தக் கோட்டின் நடுவில் குகேஷின் மந்திரி உட்கார்ந்திருக்கிறது. தப்ப முடியாது, மந்திரிக்கு மந்திரி வெட்டுப்பட்டே தீரும். மிச்சம் என்ன? இரண்டு ராஜாக்கள், குகேஷுக்கு இரண்டு சிப்பாய்கள், டிங்குக்கு ஒன்று. அது வெள்ளைக்குத் தோல்வி. ஆட்டம் அப்படியேதான் போனது. 58வது நகர்த்தலோடு டிங் கைகொடுத்துவிட்டார்.

பட்டை சரிந்தது இதனால்தான். இன்ஜின் இந்தப் பாதையில் போய் அதன் முடிவைப் பார்த்துவிட்டது. இந்தப் பாதை சுலபம். அநேகமாக ஒவ்வோர் இடத்திலும் வேறு வழியில்லாத நகர்த்தல்கள். எல்லா நிலையும் இப்படி இருக்காது. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் சாத்தியம். கறுப்பும் ஒன்று ஆடியதும் மொத்தம் 400 வழிகள். மூன்றாவது நகர்த்தலோடு 8,902. நான்காவதோடு 1,97,281. ஐந்தாவதோடு 48,65,609. இன்னும் ஒருவரும் காப்பிகூடக் குடித்து முடிக்கவில்லை, அதற்குள் அரைக்கோடி ஆகிவிட்டது. கணித அறிஞர் க்ளாட் ஷானன் 1950இல் எழுதிய கட்டுரையில், முழு ஆட்டங்களின் எண்ணிக்கை சுமாராக 1க்குப் பின்னால் 120 பூஜ்யங்கள் என்று கணக்குப் போட்டார். எந்தக் கம்ப்யூட்டராலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

ஆகவே எதைப் பார்க்காமல் விடலாம் என்பதில்தான் இன்ஜினின் சாமர்த்தியமே இருக்கிறது.

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு பரவாயில்லை. சமையலறை சின்னது, மற்றபடி குறை இல்லை. இரண்டாவது வீட்டுக்குப் போகிறோம். படியேறும்போதே பக்கத்து வீட்டு அம்மா, “இங்க தண்ணியே வராதுப்பா” என்கிறார். அப்புறம் அந்த வீட்டுக்குள் போய் அலமாரி எத்தனை, வெளிச்சம் எப்படி என்று பார்ப்போமா? மாட்டோம். அந்த வீடு எவ்வளவு மோசம் என்று தெரிந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. கையில் இருக்கும் முதல் வீட்டைவிட மோசம் என்று தெரிந்தாலே போதும்.

இன்ஜினும் அதையே செய்கிறது. ஒரு நல்ல நகர்த்தல் கையில் கிடைத்துவிட்டது. இரண்டாவது நகர்த்தலைப் பார்க்கிறது. அதற்கு எதிராளியிடம் ஒரே ஒரு பலமான பதில் இருப்பது தெரிந்துவிட்டது. மற்ற முப்பது பதில்களைப் பார்க்க வேண்டியதே இல்லை, அந்தக் கிளையை வெட்டிவிடலாம். இதற்கு ஆல்ஃபா-பீட்டா வெட்டு என்று பெயர். இதில் எந்த நஷ்டமும் இல்லை என்பதுதான் அழகு. எல்லாக் கிளையையும் பார்த்திருந்தால் என்ன விடை வருமோ அதே விடைதான் இங்கும் வரும்.

நஷ்டத்துக்கு வாய்ப்புள்ள வெட்டுகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளோடு ஆடும்போது, “நீயே இன்னொரு தடவை ஆடிக்கோ” என்று விட்டுக்கொடுப்போம் அல்லவா? இன்ஜினும் சில இடங்களில் மனதுக்குள் தன் முறையை விட்டுக்கொடுத்துப் பார்க்கும். எதிராளி தொடர்ந்து இரண்டு முறை ஆடியும் என் கைதான் ஓங்கியிருக்கிறது என்றால், இந்தக் கிளைக்குள் எதிராளி தானாக வரவே மாட்டான். இங்கே மேலும் தோண்டுவது வீண். பெரும்பாலும் இந்த ஊகம் சரி. சில நிலைகளில், முக்கியமாக ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், தப்பாகிவிடும். அதேபோல, பட்டியலில் பின்னால் வரும் நகர்த்தல்களை இன்ஜின் மேலோட்டமாகத்தான் பார்க்கும். ஏதாவது வில்லங்கம் தட்டுப்பட்டால் மட்டும் திரும்பி வந்து ஆழமாகப் பார்க்கும்.

எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு சிக்கல். ராணி ஒரு சிப்பாயை வெட்டியதும் நிறுத்தி எண் போட்டால் ஒரு சிப்பாய் லாபம் என்று தோன்றும். அடுத்த நகர்த்தலிலேயே அந்த ராணி போய்விடும் என்பது தெரியாது. ஆகவே வெட்டும் பதில்வெட்டும் ஓய்ந்து பலகை அமைதியாகும் வரை பார்த்துவிட்டுத்தான் எண் போடும்.

இதெல்லாம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் ஒப்பீடு. 1997 மே மாதம் நியூயார்க்கில் அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்ற டீப் ப்ளூ கம்ப்யூட்டரில் செஸ்ஸுக்கென்றே செய்த 480 சில்லுகள் இருந்தன. நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. என் லேப்டாப்பில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் நொடிக்குச் சில பத்து லட்சங்களைத்தான் தொடுகிறது. இருந்தாலும் டீப் ப்ளூ இன்று எழுந்து வந்தால் என் லேப்டாப் முன்னால் நிற்காது. குறைவாகப் பார்த்தாலும், பார்க்க வேண்டியதைப் பார்க்கிறது.

எண் எங்கிருந்து வருகிறது

சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் மந்திரிக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9. செஸ் கற்றுக்கொடுக்கும் எந்த வாத்தியாரும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவார். நீண்ட காலம் இன்ஜின்களின் மதிப்பீடும் இங்கிருந்துதான் தொடங்கியது. அதற்கு மேல் ராஜாவுக்கு முன்னால் சிப்பாய் அரண் இருக்கிறதா, ஒரே வரிசையில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிக்கொண்டிருக்கின்றனவா, யானைக்குத் திறந்த வழி இருக்கிறதா என்று வரிசையாக விதிகள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண். எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து எழுதியவை.

இங்கேதான் வம்பு. திறந்த வழியில் நிற்கும் யானைக்குக் கூடுதலாக எவ்வளவு கொடுப்பது? கால் சிப்பாயா, அரைச் சிப்பாயா? கிராண்ட்மாஸ்டர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒரு விதியைச் சேர்த்தால் ஆட்டம் மேம்படும் என்று நிரல் எழுதுபவருக்கு நிச்சயமாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால் மோசமாகியிருக்கும். மேலே சொன்ன வெட்டுகளிலும் இதே கதை. எவ்வளவு தைரியமாக வெட்டலாம் என்பதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது.

2013இல் கேரி லின்ஸ்காட் என்ற நிரலாளர் இதற்கு ஒரு வழி செய்தார். அதன் பெயர் ஃபிஷ்டெஸ்ட். என்னைக் கேட்டால், ஸ்டாக்ஃபிஷ் கதையில் உண்மையான திருப்புமுனை இதுதான். பின்னால் வந்த செயற்கை நுண்ணறிவு இரண்டாவதுதான்.

யாருக்கு என்ன யோசனை தோன்றினாலும், நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றுவதாக இருந்தாலும், அதை ஃபிஷ்டெஸ்ட்டில் போட வேண்டும். பழைய ஸ்டாக்ஃபிஷும் மாற்றிய ஸ்டாக்ஃபிஷும் மோதும். எங்கே? உலகம் முழுக்கத் தங்கள் கம்ப்யூட்டரைச் சும்மா இருக்கும் நேரத்தில் கடன் கொடுக்கும் தன்னார்வலர்களின் மேசைகளில். முதல் சுற்றில் ஓர் ஆட்டத்துக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 நொடி, நகர்த்தலுக்குப் பத்தில் ஒரு நொடி கூடுதல். அதில் தேறினால் அடுத்த சுற்றில் 60 நொடி. இரண்டிலும் தேறினால்தான் நிரலுக்குள் இடம்.

எத்தனை ஆட்டம் ஆட வேண்டும்? பலத்தை எலோ என்ற புள்ளியில் அளக்கிறார்கள். ஒருவர் மற்றவரைவிட 100 எலோ கூடுதல் என்றால், நூறு புள்ளிக்கு ஆடினால் ஏறக்குறைய 64 எடுப்பார். ஆனால் ஃபிஷ்டெஸ்ட்டுக்கு வரும் நல்ல யோசனைகூட 2 எலோ தந்தால் பெரிது. 2 எலோ என்றால் நூற்றுக்கு 50.3. நூறு ஆட்டத்திலோ ஆயிரம் ஆட்டத்திலோ இது கண்ணுக்கே தெரியாது. அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தில் அமுங்கிவிடும். பல்லாயிரம் ஆட்டம் ஓடினால்தான் தெரியும். அதையும் இத்தனை ஆட்டம் என்று முன்கூட்டி முடிவுசெய்வதில்லை. ஆடிக்கொண்டே இருக்கும்போது ஒவ்வொரு முடிவும் தராசில் ஏறும். தேறும் என்றோ தேறாது என்றோ போதுமான அளவு உறுதியானதும் சோதனை தானாக நின்றுவிடும். உருப்படாத யோசனை சீக்கிரம் செத்துவிடும், மின்சாரம் மிச்சம்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம். ஃபிஷ்டெஸ்ட் வந்த முதல் ஒரு வருடத்தில் ஸ்டாக்ஃபிஷ் சுமார் 120 எலோ ஏறியது. பெரிய மேதை யாரும் வந்து தூக்கிவிடவில்லை; ஒன்றும் இரண்டுமாகச் சேர்ந்தது. இன்றுவரை அங்கே ஆடப்பட்டவை பல நூறு கோடி ஆட்டங்கள்.

போட்டிக் களம்

இன்ஜின்கள் தங்களுக்குள் மோதும் போட்டிகளில் பெயர்பெற்றது டிசிஇசி. மார்ட்டின் தோரசன் 2010இல் தொடங்கியது. எல்லா இன்ஜின்களும் அமைப்பாளர்களின் கம்ப்யூட்டரில்தான் ஓடும்; இணையத்தில் இரவு பகலாக ஆட்டம் நடக்கும். தொடக்க நகர்த்தல்களை அமைப்பாளர்களே கொடுத்துவிடுவார்கள். வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சமமான நிலையைக் கொடுத்தால் இன்றைய இன்ஜின்கள் டிரா டிராவாக ஆடிக்கொண்டே போகும், பார்ப்பவன் தூங்கிவிடுவான். நியாயத்துக்காக ஒவ்வொரு தொடக்கத்தையும் இரண்டு முறை, நிறம் மாற்றி ஆட வேண்டும்.

ஸ்டாக்ஃபிஷின் ஆரம்பகாலம் வேதனைதான். 4வது சீசன் இறுதிப்போட்டியில் ஹூடினியிடம் 25–23 என்று தோல்வி. 5வது சீசனில் கொமோடோவிடம் அதே 25–23. இரண்டும் அப்போது விலைக்கு விற்ற இன்ஜின்கள். 2014இல் 6வது சீசனில்தான் கொமோடோவை 35.5–28.5 என்று அடித்து முதல் பட்டம். அதற்கடுத்த இரண்டு சீசனிலும் மறுபடி கொமோடோ. 2017இல், 10வது சீசனில், ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாம் இடம் பிடித்து இறுதிப்போட்டியைக் கோட்டைவிட்டது. பலவீனமான இன்ஜின்களை மற்ற இருவரும் அதிகமாகப் புரட்டி எடுத்ததுதான் காரணம். தோற்காமல் இருப்பது மட்டும் போதாது.

அதே 2017 டிசம்பரில் எல்லோரையும் உலுக்கிய செய்தி வந்தது. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் செய்த ஆல்ஃபாஸீரோ என்ற இன்ஜின், ஸ்டாக்ஃபிஷ் 8ஐ நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா என்று சாய்த்தது. தோல்வி ஒன்றுகூட இல்லை. அதற்கு எந்த விதியையும் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. காய்கள் எப்படி நகரும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். தன்னோடு தானே ஆடி ஆடி, நரம்பு வலையமைப்பு (உதாரணங்களைப் பார்த்துப் பார்த்துத் தன் எண்களைத் தானே திருத்திக்கொள்ளும் நிரல்) ஒன்றைப் பழக்கிக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு 7 கோடி நிலைகளைப் பார்த்தபோது அது வெறும் 80 ஆயிரத்தைத்தான் பார்த்தது. போட்டி நிபந்தனைகள் ஸ்டாக்ஃபிஷுக்குச் சாதகமாக இல்லை என்று சண்டை நடந்தது. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டதும், நினைவகத்தைக் குறைத்ததும் தப்பு என்றார்கள். அந்தப் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்த்த யாருக்கும் ஒரு விஷயம் புரிந்தது: கையால் எழுதிய மதிப்பீட்டின் காலம் முடியப்போகிறது.

ஆல்ஃபாஸீரோவை டீப்மைண்ட் வெளியே விடவில்லை. ஆகவே அதே வழியில், எல்லோருக்கும் திறந்ததாக, லீலா என்ற இன்ஜினைத் தன்னார்வலர்கள் கட்டத் தொடங்கினார்கள். தொடங்கியவர் யார் தெரியுமா? ஃபிஷ்டெஸ்ட்டைக் கொடுத்த அதே கேரி லின்ஸ்காட். ஸ்டாக்ஃபிஷை உச்சிக்குக் கொண்டுபோன கையே அதற்கு எமனையும் வளர்த்தது.

2019 பிப்ரவரியில், 14வது சீசன் இறுதிப்போட்டியில் இரண்டும் மோதின. நூறு ஆட்டம். 81 டிரா. ஸ்டாக்ஃபிஷுக்கு 10 வெற்றி, லீலாவுக்கு 9. கணக்கு 50.5–49.5. அடுத்த சீசனிலேயே லீலா 53.5–46.5 என்று பட்டத்தைப் பறித்தது. 16வது சீசன் மறுபடி ஸ்டாக்ஃபிஷ், 17வது மறுபடி லீலா.

பலசரக்குக் கடைக் கணக்கு

ஸ்டாக்ஃபிஷும் நரம்பு வலைக்கு மாறவேண்டியதுதானே என்று கேட்கலாம். லீலாவின் வலை பெரியது; கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் அதற்கு மூச்சு வாங்கும். ஸ்டாக்ஃபிஷின் பலமே சாதாரண பிராசஸரில் வேகமாகத் தேடுவது. ஒவ்வொரு நிலைக்கும் பெரிய வலையை ஓட்டினால் அந்த வேகம் போய்விடும்.

வழி ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஷோகி என்று ஒரு விளையாட்டு, நம் சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். 2018இல் யூ நாசு என்பவர் ஷோகி இன்ஜின்களுக்காக ஒரு புது வகை வலையை வடிவமைத்தார். அதற்கு என்என்யூஇ என்று பெயர்.

பலசரக்குக் கடையில் இருபது சாமான் வாங்கிப் பில் போட்டாகிவிட்டது. கிளம்பும்போது, “அண்ணே, இன்னும் ஒரு சோப்பு” என்கிறீர்கள். கடைக்காரர் இருபதையும் மறுபடி முதலிலிருந்து கூட்டுவாரா? பழைய மொத்தத்தோடு சோப்பு விலையைச் சேர்ப்பார், அவ்வளவுதான். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் அதன் விலையைக் கழிப்பார். செஸ்ஸிலும் ஒரு நகர்த்தலில் ஒரு காய்தான் இடம் மாறுகிறது. வெட்டு நடந்தால் இரண்டு. மற்றவையெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஆகவே வலையின் மிகப் பெரிய முதல் அடுக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட வேண்டாம். காய் கிளம்பிய கட்டத்துக்கான எண்களைக் கழித்து, போய்ச் சேர்ந்த கட்டத்துக்கான எண்களைக் கூட்டினால் போதும். அதற்கு மேலுள்ள அடுக்குகள் மிகச் சிறியவை. சாதாரண பிராசஸரே நொடிக்குப் பல லட்சம் தடவை இதைச் செய்துவிடும்.

ஹிசாயோரி நோடா என்ற இன்னொரு ஜப்பானியர் இதை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொண்டுவந்தார். ஃபிஷ்டெஸ்ட்டில் போட்டுப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தவர்களுக்கு அந்த முடிவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். 2020 செப்டம்பர் 2இல் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12, முந்தைய பதிப்போடு ஒரே தொடக்கத்தை நிறம் மாற்றி ஜோடி ஜோடியாக ஆடியபோது, தோற்ற ஜோடிகளைப்போல் பத்து மடங்கு ஜோடிகளை வென்றது. டிசிஇசியில் 18வது சீசனிலிருந்து அடுத்தடுத்துப் பல சீசன்களில் பட்டம் ஸ்டாக்ஃபிஷுக்கே போனது. 2024இல் வந்த 16.1 பதிப்பில், கையால் எழுதிய பழைய மதிப்பீட்டையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள். பதினைந்து வருட உழைப்பு. நீக்கினால் நஷ்டமில்லை என்று சோதனை சொன்னது, நீக்கினார்கள்.

இன்னொரு வேடிக்கை. அந்த வலையைப் பழக்க ஏராளமான நிலைகளும் அவற்றுக்கான மதிப்பீடுகளும் வேண்டும். அவற்றில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது? லீலா தனக்குத் தானே ஆடிய ஆட்டங்களிலிருந்து. இரண்டும் திறந்த நிரல்கள் என்பதால் இதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் மாவு கடன் வாங்குவதுபோல்தான்.

எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: மாற்றி வெளியிடுபவர் தன் நிரலையும் திறந்து வைக்க வேண்டும். ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 2021இல் ஃபேட் ஃப்ரிட்ஸ் 2 என்று ஒன்றை விலைக்கு விற்றது; அடியில் இருந்தது ஸ்டாக்ஃபிஷ். உரிமத்தை மீறிவிட்டார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2022இல் சமரசத்தில் முடிந்தது.

அப்போ அந்தப் பட்டை?

பட்டை என்பது ஸ்டாக்ஃபிஷ் போடும் எண்ணின் படம். எண் கூட்டலில் இருந்தால் வெள்ளைக்குச் சாதகம், கழித்தலில் இருந்தால் கறுப்புக்கு. +1 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம் என்று பலர் இன்னமும் நினைக்கிறார்கள். 2022 டிசம்பரில் வந்த 15.1 பதிப்பிலிருந்து பொருள் வேறு: தனக்குச் சமமான இன்னொரு ஸ்டாக்ஃபிஷோடு இந்த நிலையிலிருந்து ஆடினால், வெள்ளை ஜெயிக்க நூற்றுக்கு ஐம்பது வாய்ப்பு. சிப்பாய்க் கணக்குக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை. தவிர, அந்த எண் ஸ்டாக்ஃபிஷோடு ஸ்டாக்ஃபிஷ் ஆடினால் நடப்பதைச் சொல்கிறது, உங்களோடு நான் ஆடினால் நடப்பதை அல்ல. நேரலையில் எண் +0.8 ஆனதுமே “ஆட்டம் முடிஞ்சுது” என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பலகையின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த எண் தெரியாது. அவருக்குக் கடிகாரம்தான் தெரியும்.

குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப வருடங்களில் இன்ஜின் பக்கமே அவரை விடவில்லை; ரேட்டிங் 2500ஐ எட்டிய பிறகுதான் தொட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அது அபூர்வம்.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிமுடித்தேன். கடையில் சோப்பு வாங்கும் உதாரணம் அவனுக்குப் பிடித்தது. ஷானனின் 120 பூஜ்யங்களை நோட்டில் எழுதிப் பார்த்து, நடுவில் எண்ணிக்கை தவறி விட்டுவிட்டான். அப்புறம், “நம்ம லேப்டாப்பையும் குடுக்கலாமா?” என்றான். ஃபிஷ்டெஸ்ட் நிரலை இறக்கி ஓடவிட்டோம். திரையில் ஒன்றும் தெரியாது; பலகையும் இல்லை, காய்களும் இல்லை. ஆட்டம் முடிய முடிய எண்கள் மட்டும் வரிவரியாக மேலே ஏறின. விசிறிச் சத்தம் தாங்காமல் லேப்டாப்பைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப்போனோம்.

காலையில் எனக்கு முன்னால் எழுந்து அவன் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ராத்திரி எங்கள் லேப்டாப் ஆடியது யாரோ ஒருவர், ஏதோ ஓர் எண்ணைக் கொஞ்சம் கூட்டிப்பார்த்த சோதனை. பட்டியலில் அது சிவப்பாக இருந்தது.

“மாமா, ராத்திரி பூரா ஆடி நாம தோத்துட்டோமா?”

“நாம இல்லடா, அந்த யோசனைதான் தேறல.”

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பட்டியலில் சிவப்புதான் அதிகம், நடுநடுவே எங்கேயோ ஒரு பச்சை. “இவ்வளவும் தேறலையா?” என்றான். சிவப்பை எண்ண ஆரம்பித்து, முப்பதைத் தாண்டியதும் பல் தேய்க்கப் போய்விட்டான்.